மொழி தெரியாதவருக்கு ரம்மி கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி இது: திருப்பூரில் பக்கத்து அறையில் வங்காளத்துக்காரர் இருவர் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. கேட்பவர்களுக்கு வங்காளி வராது, இந்தியும் நாலு வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை ரம்மிக்கு அவர்களையும் சேர்த்துக்கொள்ள ஆசை. இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தும், ஜோக்கர் (எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் சீட்டு) வந்ததும் எல்லாம் குழம்பி நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

ஜோக்கரில் குழம்பியது என்றால் ஜோக்கரை முதல் நாளே எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ரம்மியில் வாயால் சொன்னால்தான் புரியும் என்கிற விதி அதுவும் ‘ஒரிஜினல்’ (ஜோக்கர் சேராத வரிசை) கணக்கும்தான். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தே பிடிபடும். அதனால் வரிசையை மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரிவது முதலில், ஜோக்கர் கடைசியில், இரண்டாம் நாளுக்கு ஒத்திப்போட்டாலும் நல்லதுதான்.

அதற்கும் முன்னால், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன ஆட்டம் தெரியும் என்று பாருங்கள். சீட்டே பிடித்திராதவர் என்று எண்ணிக்கொண்டு ஆரம்பிப்பதுதான் நேரத்தை வீணாக்குகிறது. ரம்மி என்ற பெயரே அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் அறை வழக்கத்துக்கும் அவர்கள் ஊர் வழக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினால் போதும். ஒரு சீட்டுக்கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எப்படிக் கலைக்கிறார், எந்தச் சீட்டை ஒதுக்குகிறார் என்பதே பாதி பதில். இரண்டிலிருந்து ஆறு வரை உருவி வெளியே வைத்தால் அவர் ஆடுவது ‘ட்வென்டி நைன்’. வங்காளத்தில் பரவலாக ஆடும் ஆட்டம் அது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. ஒரே ஜாதியில் (இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நாலில் ஒன்று) ஏழு முதல் ஏஸ் வரை எட்டுச் சீட்டைக் கலைத்துக் கொடுத்து, பெரியது மேலே சின்னது கீழே என்று கையால் காட்டுங்கள். ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு என்று அடுக்கினால், ரம்மியை விட்டுவிட்டு நம் பக்கத்துச் சீட்டாட்டமான 304 ஆடுவதே உத்தமம். உங்கள் அறையில் 304 தெரிந்தவர் இரண்டு பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டு வரிசை இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்று. நாலு சீட்டு போட்டதும் ஏலம் கேட்பது, பிறகு மீதி நாலு போடுவது, துருப்பை (மற்ற ஜாதிகளை வெல்லும் ஜாதி) மறைத்து வைப்பது எல்லாம் அவருக்குப் பழக்கம். மாறுவது கணக்கு. அவர் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1. நாலு ஜாதிக்கும் சேர்த்து 28, கடைசிப் பிடிக்கு (ஒரு சுற்றில் விழும் சீட்டுகளை வென்று எடுப்பது) ஒன்று சேர்த்தால் 29. நம்மிடம் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு ஜாதிக்கு 76, நாலுக்கு 304. இந்த எண்களை ஒரு தாளில் அந்தந்தச் சீட்டுக்கு எதிரே எழுதி நடுவில் வைத்துவிட்டால் வாய்ப்பேச்சே வேண்டாம்.

அவர் இரண்டு இடத்தில் தடுக்குவார். ராஜா ராணிக்கு அவர் ஊரில் மதிப்பில்லை, எதிராளி பிடியில் அலட்சியமாகப் போடுவார். இன்னொன்று, அவர் ஆட்டத்தில், அந்தச் சுற்றில் முதலில் இறங்கிய ஜாதி கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லலாம். 304-ல் துருப்பு மூடியிருக்கும்போது, ஜாதி இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். பிடி முடிந்ததும் துருப்பு வைத்தவர்தான் அதை எடுத்துப் பார்ப்பார். இந்த இடத்தில் மட்டும் ஆட்டத்தை நிறுத்தி, கவிழ்த்துப் போடுவதைத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று முறை ஆடிக் காட்டுங்கள்.

வரிசை அப்படி வராவிட்டால் ரம்மிதான். இனி அதைப் பார்ப்போம்.

பெயர்களில் அதிகம் மெனக்கெட வேண்டாம், ஆனால் ஒரு சுவாரசியம் உண்டு. வங்காளியில் இஸ்பேடுக்கு இஷ்காபன், ஆட்டினுக்கு ஹர்தன், டைமனுக்கு ருயிதன், கிளாவருக்கு சிடிதன். நம் ஆட்டினும் அவர்கள் ஹர்தனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒலிப்பது தற்செயல் இல்லை. டச்சுக்காரர் மொழியில் அது ஹார்ட்டன். கிளாவரும் டச்சில் கிளாவர்தான். கப்பலேறி வந்த சொல் இரண்டு கரையிலும் தங்கிவிட்டது. எனவே ‘ஆட்டின்’ என்று நீங்கள் சொல்லிச் சீட்டைக் காட்டினால் ஒரு வங்காளி சட்டென்று பிடித்துக்கொள்வார். இந்திக்காரர் என்றால் நிலைமை வேறு. இஸ்பேடு ஹுக்கும், ஆட்டின் பான், டைமன் ஈண்ட், கிளாவர் சிடி. பான் என்றால் வெற்றிலை, ஈண்ட் என்றால் செங்கல். சீட்டில் உள்ள உருவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்பவை வங்காளியில் டெக்கா, சாஹேப், பிபி, கோலாம். இந்தியில் இக்கா, பாத்ஷா, பேகம், குலாம். இதில் அவர் சொல்லை நீங்கள் கற்றுக்கொள்வதுதான் சுலபம். நீங்கள் இரண்டு மூன்று பேர், அவர் புதியவர், அவர் தலையில் ஆட்டமே ஒரு சுமை. தமிழ்ச் சொற்களையும் ஏற்றாதீர்கள். உங்கள் பக்கமிருந்து அவருக்குக் கட்டாயம் வேண்டிய சொல் ஐந்துதான்: ரம்மி (ஒரே ஜாதியில் அடுத்தடுத்த சீட்டுகள்), செட் (ஒரே எண், வேறு வேறு ஜாதி), ஜோக்கர், ஒரிஜினல், டிக் (ஆட்டத்தை முடிக்கும் அறிவிப்பு).

‘புரிஞ்சுதா?’ என்று எந்த மொழியிலும் கேட்காதீர்கள். கேட்டால் தலையாட்டுவார். மரியாதைக்காக ஆட்டுகிற தலைக்கும் புரிந்து ஆட்டுகிற தலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. புரிந்ததா என்று சீட்டைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் சரியானதைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது போதாது. தப்பான ஒன்றை நீங்கள் அடுக்கி வைத்து, அவர் அதைத் தள்ளிவிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். நீங்கள் வைத்ததைப் பார்த்து அப்படியே வைப்பது எளிது. தப்பைத் தள்ளுகிறவருக்குத்தான் விதி பிடிபட்டிருக்கிறது.

முதல் பாடத்துக்கு ஒரே கட்டு, ஜோக்கர்களை எடுத்துவிட்டு, 52 சீட்டு. எல்லாவற்றையும் முகம் தெரியத் தரையில் நாலு வரிசையாகப் பரப்புங்கள். ஒரு வரிசைக்கு ஒரு ஜாதி, இடமிருந்து ஏஸ், இரண்டு, மூன்று என்று ராஜா வரை பதின்மூன்று. ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு வரிசை சுமார் 80 சென்டிமீட்டர் வரும். இடம் போதாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி வையுங்கள், ஆனால் நேர்க்கோடு கலையக் கூடாது. ஏழெல்லாம் ஒரே நெடுக்கில், பத்தெல்லாம் ஒரே நெடுக்கில் நிற்க வேண்டும். இந்தப் பரப்பே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். குறுக்கே பக்கத்துப் பக்கத்தில் மூன்றை எடுத்தால் ரம்மி. நெடுக்கே மூன்றையோ நாலையோ எடுத்தால் செட். ஆட்டின் ஐந்து, ஆறு, ஏழை விரலால் முன்னே தள்ளி ‘ரம்மி’ என்று ஒரு தடவை சொல்லுங்கள். திரும்ப இடத்தில் வைத்துவிட்டு, ஒன்பதில் மூன்றை இறக்கி ‘செட்’ என்று ஒரு தடவை. மேலே விளக்கம் வேண்டாம். பிறகு ‘ரம்மி’ என்று நீங்கள் சொல்ல அவர் எடுக்கட்டும், ‘செட்’ என்று சொல்ல அவர் எடுக்கட்டும்.

ஏஸ் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஏஸை வரிசையின் இடக்கோடியில் காட்டி ஏஸ், இரண்டு, மூன்று ரம்மி. அதே ஏஸைத் தூக்கி ராஜாவுக்கு வலப்பக்கம் வைத்து ராணி, ராஜா, ஏஸ் ரம்மி. இப்போது அவரே ராஜா, ஏஸ், இரண்டு என்று எடுத்துப் பார்ப்பார், அநேகமாக எல்லோரும் செய்வார்கள். அப்போது ஏஸை எடுத்து ஒரு கோடி, மறு கோடி என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கோடியிலும் உட்கார முடியாது என்பது சொல்லாமலே தெரியும்.

இப்போது தப்புகள். இஸ்பேடு ஐந்து, ஆட்டின் ஆறு, இஸ்பேடு ஏழு. இஸ்பேடு ஐந்து, ஏழு, ஒன்பது. இரண்டே இரண்டு ராணி. இந்த மூன்றையும் அடுக்கிவிட்டுப் பேசாமல் அவர் முகத்தைப் பாருங்கள். முதலாவதை ரம்மி என்று ஏற்றுக்கொண்டால் ஜாதி இன்னும் பிடிபடவில்லை, பரப்பிய வரிசைக்குத் திரும்புங்கள். ஆட்டினுக்கும் டைமனுக்கும் சிவப்பு ஒன்றே என்பதால் அதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மங்கலான விளக்கில், பழைய சீட்டுக்கட்டில் இன்னும் அதிகம். முனையில் எண் பெரிதாக அச்சான புதுக்கட்டு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது முறை. இதற்கு ஆளுக்கு ஏழு சீட்டு போதும், எல்லோரும் முகம் தெரியத் தரையில் வைத்தே ஆடுங்கள். கட்டு நடுவில் கவிழ்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு சீட்டு திறந்திருக்கும். எடு, போடு. இந்த இரண்டு அசைவையும் மிகைப்படுத்திச் செய்யுங்கள். ஒரு கையால் எடுத்து, இன்னொரு கையால் போடுவது தெளிவாகத் தெரியும். ஏழில் மூன்று ஒன்று, நாலு ஒன்று சேர வேண்டும். எட்டாவது சீட்டைக் கவிழ்த்து வைத்து ‘டிக்’. திறந்து ஆடுவதில் ஒரு வசதி, அவர் கையில் ஐந்தும் ஆறும் இருந்து, நீங்கள் போட்ட ஏழை அவர் கவனிக்காமல் கட்டிலிருந்து எடுக்கப் போனால், அந்த ஏழின் மேல் விரலை வைத்தால் போதும்.

இங்கே வழக்கமாக நடக்கிற தப்பு மூன்று. எடுத்துவிட்டுப் போட மறப்பது: கையில் எட்டாகிவிடும், இரண்டு சுற்று கழித்துத்தான் தெரியும், யார் தப்பு என்று தகராறு வரும். அதற்குத் தீர்வு, அவர் போடும் வரை அடுத்தவர் கை நீட்டக் கூடாது. இரண்டாவது, முதலில் போட்டுவிட்டுப் பிறகு எடுப்பது. ‘கழுதை’ சீட்டாட்டம் மாதிரி, கையைக் காலி செய்கிற ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இது வரும். மூன்றாவது, திறந்த குவியலின் நடுவிலிருந்து பழைய சீட்டை உருவுவது. இதைத் தடுக்கச் சைகை வேண்டாம், குவியலைப் பரப்பாமல் நேராக அடுக்கி, மேல் சீட்டு மட்டும் தெரியும்படி வைத்தாலே போதும்.

யார் முறை என்பதும் மொழி தெரியாதவருக்குப் பெரிய தொல்லை. வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு சோடா மூடியை எடுத்து, முறை உள்ளவர் முன்னால் வையுங்கள். போட்டதும் அவர் அதை அடுத்தவரிடம் நகர்த்தட்டும். பத்து நிமிடத்தில் மூடி தேவைப்படாது.

திறந்த ஆட்டம் மூன்று ஆனதும் அதே ஏழு சீட்டைக் கையில் மூடிப் பிடித்து ஆடுங்கள். மூடியதும் அவர் வேகம் சட்டென்று குறையும், அவசரப்படுத்தாதீர்கள். பதின்மூன்றுக்குத் தாவுமுன் கையில் சீட்டு அடுக்கும் விதத்தைக் காட்டுங்கள், ஜாதி ஜாதியாக, கறுப்பும் சிவப்பும் மாறி மாறி. இதைக் காட்டாவிட்டால் பதின்மூன்றை விசிறியாகப் பிடிக்கவே திணறுவார், ஆட்டம் தெரியாது என்று நாம் தப்பாக நினைப்போம்.

பதின்மூன்றுக்கு வரும்போது இரண்டு கட்டு கலக்க வேண்டும், ஜோக்கர் இன்னும் வெளியேதான். ஒரே சீட்டு இரண்டு வரும் என்பது புதுசு. இஸ்பேடு ஒன்பது இரண்டும் ஆட்டின் ஒன்பதும் சேர்த்து செட் என்று வைப்பார். செட்டுக்கு வேறு வேறு ஜாதி வேண்டும் என்பதைப் பழைய பரப்பிலேயே காட்டலாம், ஒரு நெடுக்கில் ஒரு ஜாதி ஒரு தடவைதான் இருந்தது.

இப்போதுதான் கடினமான விதி. வெறும் செட்டுகளை வைத்து டிக் அடிக்க முடியாது. குறைந்தது இரண்டு ரம்மி வேண்டும், அதில் ஒன்று ஒரிஜினல். இதை விளக்க முயலாதீர்கள், நடத்திக் காட்டுங்கள். தெரிந்தவர்கள் இருவர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாலு செட்டை, அதாவது நாலு ராஜா, மூன்று ஏழு, மூன்று இரண்டு, மூன்று பத்து என்று பரப்பி, ரொம்பச் சந்தோஷமாக ‘டிக்’ என்கட்டும். மற்றவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ரம்மி எங்கே என்று தேடுவதுபோல் விரலால் தடவி, இல்லை என்று கையை விரித்து, சீட்டுகளைத் திருப்பித் தள்ளி, தாளில் அவர் பெயருக்கு நேரே தண்டனைப் புள்ளி 80 என்று எழுதட்டும். பிறகு அதே ஆள், ஒரு செட்டைக் கலைத்து ஆட்டின் நாலு, ஐந்து, ஆறு என்றும், இன்னொரு செட்டைக் கலைத்து கிளாவர் எட்டு, ஒன்பது, பத்து என்றும் மாற்றி வைத்துக் காட்ட, மற்றவர் ஒவ்வொன்றாகத் தொட்டு ‘ரம்மி, ரம்மி, செட், செட்’ என்று சொல்லி ஏற்றுக்கொள்ளட்டும். தப்பு டிக் அடித்து மாட்டிக்கொள்வது தெரிந்தவராகவே இருக்கட்டும். புதியவர் தானே அடித்து 80 வாங்கினால், எதற்கு வாங்கினோம் என்று அவரால் கேட்கவும் முடியாது, நம்மால் சொல்லவும் முடியாது. ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இரண்டாம் நாள் ஜோக்கர். அச்சடித்த ஜோக்கரை முதலில் எடுங்கள். இஸ்பேடு ஐந்து வைத்து, ஒரு சீட்டு அகலம் இடம் விட்டு, ஏழு வையுங்கள். அந்தக் காலி இடத்தில் ஜோக்கரை வைத்து ‘ரம்மி’. பிறகு அசல் ஆறு வருகிறது. ஜோக்கரை எடுத்துவிட்டு ஆறை அங்கே வைத்து, ஜோக்கரை இரண்டு ராணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ‘செட்’. எந்த ஓட்டையையும் அடைக்கும் சீட்டு என்பது தெரிந்துவிடும். ஒரிஜினலை இப்போது தனியாகக் காட்டலாம். ஜோக்கர் இல்லாத ரம்மியின் மேல் உள்ளங்கையை வைத்து ‘ஒரிஜினல்’. ஜோக்கர் உள்ள இரண்டு ரம்மியை மட்டும் வைத்து டிக் அடித்து, மறுபடியும் 80.

கட்டிலிருந்து வெட்டி எடுக்கிற ஜோக்கர் அடுத்தது. எட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த எட்டை மட்டும் காட்டினால், அந்த ஒரு சீட்டுதான் ஜோக்கர் என்று நினைப்பார். உங்கள் முந்தைய முயற்சி இங்கேதான் உடைந்திருக்கும். இரண்டு கட்டிலிருந்தும் எட்டு எட்டையும் தேடி எடுத்து, அச்சடித்த ஜோக்கர்களோடு ஒரே குவியலாகப் போடுங்கள். பிறகு கட்டை மறுபடி கலைத்து வெட்டி, நாலு வந்தால் நாலெல்லாம் குவியலுக்கு வர, எட்டெல்லாம் திரும்பப் போகட்டும். இப்படி இரண்டு முறை மாற்றினால், ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோக்கர் மாறும் என்பதும் சேர்ந்தே புரியும். ஆட்டின் ஏழு, எட்டு, ஒன்பதில் அந்த எட்டு ஜோக்கராக இருந்தாலும் தன் இடத்திலேயே இருப்பதால் அது ஒரிஜினல்தான் என்ற நுணுக்கத்தை வலிந்து சொல்ல வேண்டாம். யார் கையிலாவது தானாக வரும்போது காட்டிக்கொள்ளலாம்.

கணக்குக்குப் புளியங்கொட்டை நல்ல ஆசிரியர். தோற்றவர் கையில் சேராமல் நின்ற சீட்டுகளைப் பரப்பி, ஏழின் மேல் ஏழு கொட்டை, மூன்றின் மேல் மூன்று, ராஜா ராணி ஜாக்கி ஏஸ் ஒவ்வொன்றின் மேலும் பத்து, ஜோக்கர் மேல் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டி எழுதுங்கள். முழுக்கணக்கு எவ்வளவு போனாலும் 80-க்கு மேல் இல்லை. ஸ்கூட் (ஆடாமலே விலகுவது) இருபது, மிடில் ஸ்கூட் (நடுவில் விலகுவது) நாற்பது என்பவற்றை நாலைந்து ஆட்டம் போன பிறகு சேர்த்தால் போதும். முதல் சீட்டு எடுக்குமுன் கையைக் கவிழ்த்துக் கீழே வைத்து 20 எழுதிக் காட்டினால் தெரிந்துகொள்வார். சும்மா இருப்பதற்கே இருபதா என்று முதலில் முறைப்பார், இரண்டு தடவை 60, 70 வாங்கிய பிறகு அவரே கவிழ்ப்பார்.

எழுதுகிற தாளை அவரிடம் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வங்காளி எண்ணில் நாலு, நம் 8 போலவே இருக்கும். ஏழு, நம் 9 போல இருக்கும். அவர் 47 என்று எழுதியதை நீங்கள் 89 என்று படித்துக் கூட்டினால் தகராறுதான். சீட்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்தே எழுதச் சொல்லிக் காட்டுங்கள், அல்லது கணக்கை நீங்களே வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவருக்குத் திருப்பிக் காட்டுங்கள்.

காசு மட்டும் வைக்காதீர்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-ல் உச்ச நீதிமன்றமே சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தத் தீர்ப்பு பந்தயம் கட்ட எல்லோருக்கும் கொடுத்த உரிமம் இல்லை. சட்டத்தைவிட நடைமுறைக் காரணம் இன்னும் பெரிது. விதியைப் பற்றி வாதாட மொழி இல்லாதவரிடம் காசு ஆடினால், நீங்கள் நேர்மையாக ஜெயித்தாலும் அது அவருக்கு அப்படித் தெரியாது. அறைக்கு அறை மாறுகிற வழக்கங்களுக்கும் இதே கதி. கீழே போட்ட ஜோக்கரை அடுத்தவர் எடுக்கலாமா கூடாதா என்பது போன்றதையெல்லாம் நீங்களே முதலில் உட்கார்ந்து முடிவுசெய்துகொள்ளுங்கள். நடு ஆட்டத்தில் இரண்டு தமிழர் உரக்கத் தமிழில் விவாதித்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையை அசைத்தால், அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார்.

இருவரையும் ஒன்றாகவே உட்கார வையுங்கள், பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம், எதிரெதிரே. ஒருவருக்குச் சீக்கிரம் பிடிபடும், அவர் மற்றவருக்குத் தம் மொழியில் சொல்லிக்கொடுத்துவிடுவார். அது நீங்கள் ஒரு மணி நேரம் சைகை செய்வதைவிடச் சுத்தமாகப் போய்ச் சேரும். அவர்கள் பேசிக்கொள்ளும்போது சீட்டைச் சொல்லிக்கொள்கிறார்களோ என்று சந்தேகப்பட்டால், முதல் நாலு ஆட்டத்துக்குக் கணக்கே எழுதாதீர்கள்.